எந்த உயிர் கல்லாகும்?

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழை அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கிறது ஒரு களிமண் நிலம். அங்கே குனிந்து தேடினால் விரல் பருமனில், ஒரு முனை கூரான பழுப்புக் கற்கள் தட்டுப்படும். உடைந்த ஒன்றின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து மெல்லிய இழைகள் எல்லாப் பக்கமும் விரிந்திருக்கும். இவை பெலம்னைட்டுகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் நீந்திய, கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி இது. சதையும் கண்ணும் கைகளும் அழுகிப் போய்விட்டன. இது மட்டும் தங்கிவிட்டது.

கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, எந்தக் கனிமத்தால் ஆனது என்பதும் முக்கியம். பெலம்னைட்டின் இந்தப் பகுதியும் சிப்பியின் ஓடும் பெரும்பாலும் கால்சைட். அதே கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட இன்னொரு கணவாய் உறவான அம்மோனைட்டின் ஓடு அரகோனைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. நிலத்தடி நீரில் அரகோனைட் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் அம்மோனைட் என்று நம் கைக்கு வருவது பல நேரம் ஓடே அல்ல, ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு. அதன் மேல் நெளிநெளியாக ஓடும் கோடுகள், உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள். கரைந்துபோன ஒன்றின் உள்வடிவத்தைச் சேறு இவ்வளவு துல்லியமாகக் காத்து வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது தப்புவது அரிது. ஆனால் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பற்களை உதிர்க்கும். எனாமல் போன்ற பல்லின் மேற்பூச்சில் கிட்டத்தட்ட முழுவதும் கனிமமே. ஆகவே சுறா என்றால் பாறையில் பல்தான்.

உடல் எப்படி இருந்தாலும், செத்த இடம் கைகொடுக்க வேண்டும். கடலடியிலும் ஆற்று முகத்திலும் வண்டல் வந்து மூடிக்கொண்டே இருக்கும். காட்டுத் தரையில் நரியும் எறும்பும் தின்றது போக மீதியை அமில மண் கரைத்துவிடும். சிம்பன்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மனித மூதாதையரின் எலும்புகள் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஏரிக்கரை வண்டலிலும் எரிமலைச் சாம்பலிலும் ஏராளமாகக் கிடைத்திருக்க, சிம்பன்சியின் முதல் தொல்லெச்சம் அறிவிக்கப்பட்டது 2005இல்தான். கென்யாவில் கிடைத்த, 5 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சில பற்கள், அவ்வளவே. இதை வைத்து அந்தக் காலத்தில் சிம்பன்சிகளே குறைவு என்று சொல்லிவிட முடியாது. பாறையில் கிடைக்கும் எண்ணிக்கையை அப்படியே உயிரோடிருந்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதுதான் தொல்லுயிர் ஆய்வில் எளிதில் நேரும் பிழை.

ஓடோ எலும்போ இல்லாத மென்மையான உயிர்களுக்கும் சில இடங்களில் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. தொல்லுயிர் ஆய்வாளர் சார்லஸ் வால்காட் 1909இல் கனடாவில் கண்ட பர்ஜஸ் ஷேல் பாறையில் புழுக்களின் உடலமைப்புகூடத் தெரிகிறது. நுண்ணிய சேறு திடீரென மூடி அழுகலைத் தடுத்ததால் வந்த பலன் அது.

கல்லான பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் 1980களில் ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டன. எளிதில் பொடியும் நிலையில் இருந்த அவை, பாதுகாத்து வைக்கும் முன்பே சிதைந்துபோயின. மிஞ்சியவை ஆய்வுக் குறிப்புகளும் படங்களும்தான். இந்த மண்ணில் ஒவ்வொரு மழையும் எதையாவது வெளியே கொண்டுவருகிறது. எலும்பு கண்ணில் பட்ட அன்றே பிசின் ஊற்றி, பிளாஸ்டர் கட்டுப் போட்டு எடுக்க ஆளும் பொருளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.