உரிந்து போகும் பூச்சு, தேய்ந்து போகும் பூச்சு

ஏப்ரல் கடைசியில் டொராண்டோ பக்கம் பனி முழுசாக உருகி முடிந்ததும், பின்கதவைத் திறந்து டெக்கை, அதாவது வீட்டுக்குப் பின்னால் மரப்பலகையால் போட்ட திறந்த மேடையைப் பார்க்கும் பலருக்கு மனசு சோர்ந்துவிடும். போன கோடையில் பார்த்துப் பார்த்து அடித்த பூச்சு, பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்துத் தகடு தகடாக நிற்கும். எனக்கும் ஒரு வருஷம் இப்படித்தான் ஆனது. நிறம் முழுக்க மூடும் கெட்டியான பூச்சு, இரண்டு கோட், மூன்று வார இறுதி வேலை. ஒரே குளிர்காலத்தில் போய்விட்டது. நகத்தை அடியில் கொடுத்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய மரநார்கள் ஒட்டியிருந்தன. அதாவது, பூச்சு மரத்தை இறுக்கமாகத்தான் பிடித்திருக்கிறது. மரத்தின் மேல்தோல்தான் கழன்று, பூச்சையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மேல்தோல் கழல்வதற்குக் காரணம் குளிர் என்றுதான் எல்லோரும் நினைப்போம். தொடக்கம் வெயிலில் இருக்கிறது.

மரம் என்பது நுண்ணிய குழாய்களை ஒட்டிக் கட்டிய ஒரு கட்டு. குழாய்ச் சுவர்களின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். பருத்தியும் காகிதமும் அதேதான். குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு அது. செல்லுலோஸை வெயில் அவ்வளவாகத் தொடாது. லிக்னின் அப்படி இல்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சி உடையும். உடைந்த துண்டுகள் தண்ணீரில் கரையும் என்பதால் அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். பசை போன பிறகு மிஞ்சுவது பிடிமானம் இல்லாத வெறும் நார். பழைய மரத்தின் வெள்ளிச் சாம்பல் நிறம் அதுதான். கருப்புப் பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் இன்னும் கறுக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சாம்பல் பூத்த பலகையில் ஒரு செலோ டேப் துண்டை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பில் பூனை முடி ஒட்டின மாதிரி நார்கள் வரும். இப்போதுதான் தேய்த்த பலகையில் அதே சோதனையைச் செய்தால் டேப் சுத்தமாக வரும். முதல் பலகையின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சை அடித்தாலும் அது ஒட்டப்போவது அந்த நார்களோடுதான்.

புற ஊதாக் கதிர் மரத்துக்குள் போகும் ஆழம் சுமார் 0.075 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். பைன், சீடர் போன்ற மரங்களில் வெயிலும் மழையும் சேர்ந்து அரிக்கும் அளவு நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்பது கணக்கு. ஆகவே சாம்பல் நிறம் வந்துவிட்டது என்பதற்காகப் பலகை உளுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மரத்துக்கு இது சிறு சிராய்ப்பு. மேலே ஒட்டியாக வேண்டிய பூச்சுக்குத்தான் அது பெரிய சங்கடம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. புது மரத்தை எதுவும் பூசாமல் சில வாரங்கள் வெயிலில் விட்டாலே பெயின்ட்டின் பிடிப்பு தெளிவாகக் குறைகிறது. 'புது டெக்கை ஒரு வருஷம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் பூசு' என்று இங்கே பலரும் சொல்லும் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது தண்ணீர். மரம் ஈரத்தைக் குழாய்ச் சுவருக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். மரத்தின் உலர்ந்த எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரம் ஏறும்வரை சுவர்கள் உப்பிக்கொண்டே போகும்; காயும்போது சுருங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், நீளவாக்கில் பலகை அசையவே அசையாது என்று சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லா ஆட்டமும். மரத்தின் வயதைக் காட்டும் வளைய ரேகையின் போக்கில் ஏற்படும் சுருக்கம், அதற்குக் குறுக்கே ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை கிண்ணம் மாதிரி குழிவது இந்த வித்தியாசத்தால்தான். டெக்கில் வழக்கமாகப் போடும் ஐந்தரை அங்குலப் பலகை, உருகும் பனியில் நனைந்திருக்கும் மார்ச்சுக்கும் காய்ந்து கிடக்கும் ஜூலைக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் வரை அகலம் மாறலாம்.

பூச்சு ஒரு தோலாக மேலே படிந்திருந்தால் அந்தத் தோலும் கூடவே நீண்டு சுருங்கியாக வேண்டும். கோடையில் சமாளிக்கும். உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே போனால் விறைத்துப்போகும், வளையாது, கீறும். பலகை வெடித்த இடத்திலும் ஆணி இறங்கிய இடத்திலும் தோல் முதலில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன வழியே திரும்பி வர அதற்கு முடியாது. இரவில் உறையும்போது தண்ணீரின் கன அளவு 9 சதவீதம் கூடும். மரத்தின் குழாய்களுக்குள் பெரும்பாலும் காற்று இருப்பதால், அங்கே உறைகிற தண்ணீருக்கு விரிய இடம் கிடைத்துவிடும். பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவில் அந்த இடம் கிடையாது. அதனால் பூச்சை நெம்பித் தூக்கும். பகலில் உருகி, இரவில் மறுபடி உறைந்து, மார்ச் மாதம் முழுக்க இந்த நெம்பல் நடந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் நிற்கிற அதே பெயின்ட் டெக்கில் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. சுவர் செங்குத்து, தண்ணீர் வழிந்துவிடும். டெக் படுத்துக் கிடக்கிறது. வெயில் நேராக விழும், பனி மாதக்கணக்கில் மேலேயே கிடக்கும், போதாததற்கு நம் காலும் பனி அள்ளும் மண்வெட்டியும்.

இதனால்தான் டெக்குக்கு ஊறி இறங்கும் பூச்சுதான் சரி என்கிறேன். கடையில் பாதி ஒளிபுகும் ஸ்டெயின் என்று விற்பது பெரும்பாலும் இந்த வகை. இது தோலாகப் படியாமல் மேல் குழாய்களுக்குள் இறங்கிக் காய்கிறது. உள்ளே போன ஈரம் ஆவியாக வெளியேற வழி விடுகிறது. காலப்போக்கில் இதுவும் போய்விடும், ஆனால் தேய்ந்து போகும். உரிந்த பூச்சைச் சுரண்டி எடுப்பது ஒரு வாரத்து முதுகுவலி. தேய்ந்த பூச்சைக் கழுவிவிட்டு மேலேயே பூசலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பூசத்தான் வேண்டும். அதை நான் குறையாகவே நினைப்பதில்லை. நார்வேயில் போர்குண்ட் என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பைன் மரத்திலிருந்து வடித்த தாரைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பூசி வந்திருக்கிறார்கள்.

ஸ்டெயினுக்குள் என்னதான் இருக்கிறது? மேடிசன் ஆய்வுக்கூடம் 1950களில் ஒரு கலவையை வெளியிட்டது. மேடிசன் ஃபார்முலா என்றே அதற்குப் பெயர். ஆளிவிதை எண்ணெய், பாரஃபின் மெழுகு, பூஞ்சணக் கொல்லி, நிறமி. அன்று சேர்த்த பூஞ்சணக் கொல்லியை நச்சு என்று இன்று கைவிட்டுவிட்டார்கள். மற்றபடி அடிப்படை அதிகம் மாறவில்லை. மெழுகு தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும். நிறமி வெயிலைத் தடுக்கும், அதுவும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. நம் கோயில் மதிலில் பட்டை பட்டையாக அடிக்கும் காவிக்கு நிறம் தருவதும் அதே இரும்பு ஆக்சைடுதான். புற ஊதாக் கதிர் லிக்னினை எட்டும் முன்பே இந்தத் துகள்கள் அதை விழுங்கிவிடும். நிறமே இல்லாத தெளிவான பூச்சு ஒரு கோடைக்கு மேல் தாங்க முடியாமல் திணறுவது இதனால்தான். மரத்தின் அழகு அப்படியே தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அப்படியானால் தேன் நிறமாவது எடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காய்வது ஈரத்துணி காய்வது போன்றதல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுகின்றன. தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. பூசினால் பிசுபிசுவென்றே கிடக்கும். இறுகும்போது வெப்பம் வெளிவரும். பலகையில் அது தெரியாது. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். இப்படி வீடுகள் எரிந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் துணிகளை வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வையுங்கள்.

'மருந்து ஏற்றிய மரம்தானே, பிறகு ஏன் பூச வேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இளம்பச்சைப் பலகைகளில் அழுத்தம் கொடுத்து ஏற்றியிருப்பது செம்பு சேர்ந்த மருந்து. ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை வீட்டு உபயோக மரத்தில் ஏற்றுவது 2003 முடிவோடு நின்றது. செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும், மரம் மக்காமல் காக்கும். வெயிலையும் ஈரத்தால் வரும் உப்பலையும் அது தடுக்காது. புதுப் பலகையில் ஏற்றிய மருந்தின் ஈரம் இன்னும் இருக்கும் என்பதால் உடனே பூசவும் முடியாது. எவ்வளவு நாள் காத்திருப்பது? தேதியைப் பார்க்காமல் மரத்தைக் கேளுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சில நிமிஷத்தில் குடித்துவிட வேண்டும். குடித்தால் அந்த வாரமே பூசிவிடலாம்.

பழைய டெக் என்றால் முதலில் கழுவ வேண்டும். சோடியம் பெர்கார்பனேட் தூளைக் கரைத்து ஊற்றி, தும்புப் பிரஷால் தேய்த்தால் சாம்பல் நாரும் பூஞ்சணமும் கிளம்பும். துணி வெளுக்கும் குளோரின் வேண்டாம், அது மரத்தின் பசையையே தின்னும். அப்புறம் ஆக்சாலிக் அமிலக் கரைசல். ஆணியைச் சுற்றியுள்ள கருப்புக் கறையும் இதில் போகும், கையுறை கட்டாயம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மென்மையான ரேகைகளைத் தோண்டி எடுத்துவிடும். இரண்டு நாள் காயவிட்டு, 60 அல்லது 80ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, மறுபடி டேப் சோதனை.

பூசும் நாள் பத்து டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது, அடுத்த ஒரு நாளாவது மழை இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் பாதி, பனித்துளி காய்ந்த பிறகு பத்து மணிக்குத் தொடங்குவது. பலகையின் வெட்டு முனைகளுக்கு இரண்டு மூன்று முறை பூசுங்கள். குழாய்கள் வாய் திறந்திருப்பது அங்கேதான். முகப்பை விட அங்கே பல மடங்கு வேகமாகத் தண்ணீர் ஏறும். பூசிய கால் மணி நேரத்தில் மேலே பளபளவென்று தேங்கியிருப்பதைத் துடைத்துவிடுங்கள். மரம் குடிக்க மறுத்த எண்ணெய் அங்கேயே தோலாகப் படியும், பழைய கதை திரும்பும்.

எங்கள் டெக்கில் இரண்டாவது வருஷம் முதலில் வெளுத்தது படிக்கட்டுப் பக்கம் எல்லோரும் மிதிக்கிற இரண்டு பலகைகள். கழுவி, அந்த இரண்டுக்கு மட்டும் பூசினேன். ஒரு மாதத்தில் நிறம் ஒன்றாகிவிட்டது. இன்னொரு இடம், கோடையில் கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே வைக்கிற மூலை. தொட்டியைத் தூக்கியபோது அடியில் கருப்பாக ஒரு வட்டம், தொட்டால் ஈரம். மழையே இல்லாத ஆகஸ்டில்கூட அந்த இடம் காயவில்லை. இப்போது தொட்டியின் கீழே மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்திருக்கிறேன், விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, காற்று போய் வருகிறது.