வீட்டுமொழி பேசும் ஆசிரியரைத் தேடும்போது

மதியத் தூக்கம் கலைந்து மூன்று வயதுக் குழந்தை அழுகிறது. ஒண்ணுக்கு வருகிறதா, காது வலிக்கிறதா, அம்மா வேண்டுமா? அது சொல்வது வகுப்பில் இருக்கும் பெரியவர்கள் இருவருக்குமே புரியவில்லை. புலம்பெயர்ந்தோர் மிகுந்த அமெரிக்க ஊர்களில் முன்பள்ளிகள் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் இது.

ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற முன்பள்ளித் திட்டத்தில் இதற்கு விதி உண்டு. ஒரு வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மொழி பேசினால், அந்த வகுப்பின் ஊழியர் ஒருவருக்காவது அம்மொழி தெரிந்திருக்க வேண்டும். 17 பேரில் 9 பேர் என்றாலே விதி பொருந்திவிடும். ஆனால் எந்த மொழி என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் குவாத்தமாலாவிலிருந்து வந்த பல குடும்பங்கள் வீட்டில் பேசுவது மாயா மொழிகளில் ஒன்றான மாம். குவாத்தமாலாவின் ஆட்சிமொழியான ஸ்பானிஷுக்கும் அதற்கும் உறவே இல்லை. எனவே சேர்க்கைப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். "குழந்தையைத் தூங்கவைக்கும்போது எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று பெற்றோரிடமே கேட்டுவிட்டு விளம்பரம் எழுதுங்கள்.

விளம்பரத்தில் கேட்க வேண்டியது மொழித்திறனை. பிறந்த நாட்டையோ இனத்தையோ அல்ல. இனமும் பூர்விகமும் பார்த்து ஆள் எடுப்பதை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது. தகுதியுள்ள பெற்றோர், முன்னாள் பெற்றோர் விண்ணப்பித்தால் பரிசீலிக்க வேண்டும் என்பதும் ஹெட் ஸ்டார்ட் விதியே. நல்ல ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நேர்காணலில் "மொழி தெரியுமா?" என்று கேட்டு, "தெரியும்" என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. நான்கு குழந்தைகளோடு உட்கார்ந்து, ஒரு படப்புத்தகத்தைப் பத்து நிமிடம் அந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, "உங்கள் மகனை இன்னொரு குழந்தை கடித்துவிட்டது, கையில் தடம் இருக்கிறது" என்று ஒரு தாயிடம் சொல்வதுபோலப் பேசச் சொல்லுங்கள். பதறாமல் விளக்குகிறாரா, கடித்த குழந்தையின் பெயரை வெளியிடாமல் இருக்கிறாரா என்பதைக் கவனிக்க, அந்த மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று மதிப்பெண் குறைக்காதீர்கள். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவதை மரியாதையாகக் கருதும் ஊர்கள் பல.

சேர்ந்த பிறகுதான் பலரை இழக்கிறோம். சான்றிதழ் இல்லாமல் உதவி ஆசிரியராக வருபவருக்கு உள்ள வழிகளில் ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்குள் சி.டி.ஏ. என்ற குழந்தை வளர்ச்சிப் பணியாளர் சான்றிதழ் பெறுவது. 480 மணி நேர வேலை அனுபவம் வகுப்பிலேயே சேர்ந்துவிடும். வாரம் 40 மணி என்றால் 12 வாரம். 120 மணி நேரப் பயிற்சியில்தான் திணறுகிறார்கள். வேலை முடிந்த இரவில், ஆங்கிலத்தில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பது எளிதல்ல. வார அட்டவணையிலேயே சம்பளத்தோடு 3 மணி நேரம் ஒதுக்குங்கள். 40 வாரத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு தவறு, இவரை அலுவலகத்தின் இலவச மொழிபெயர்ப்பாளராக்குவது. சேர்க்கைக்கு ஒருமுறை, செவிலியருக்கு ஒருமுறை, தொலைபேசிக்கு ஒருமுறை எனக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், வகுப்பில் ஒரே ஒருவர் மிஞ்சுவார். ஒரு வகுப்பில் ஊழியர் இருவர் இருக்க வேண்டும் என்ற ஹெட் ஸ்டார்ட் விதி உடையும். எந்தக் குழந்தைக்காக அவரை எடுத்தோமோ, அது மறுபடி புரியாத குரல்களுக்கு நடுவே அழும். மொழிபெயர்ப்பும் தேவையென்றால் அதைப் பணி விவரத்தில் எழுதி, அதற்கான நேரத்தையும் கூடுதல் ஊதியத்தையும் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் வகுப்பில் மாற்று ஆள் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.