ஜி-புரதம் இணைந்த ஏற்பியா, இணையும் ஏற்பியா?

ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன், ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால், ஒவ்வாமைக்கு செடிரிசின், கடும் வலிக்கு மார்பின், எடையைக் குறைக்க செமாகுளூடைடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் இந்த மருந்துகள் எல்லாம் உடலுக்குள் போய் வேலை செய்வது ஒரே புரதக் குடும்பத்தின்மேல்தான். புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தையே குறிவைக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஜி புரோட்டீன் கப்புள்டு ரிசெப்டார்’; ஆய்வாளர்கள் சுருக்கமாக ஜிபிசிஆர் என்பார்கள். தமிழில் பெரும்பாலும் ‘ஜி-புரதம் இணைந்த ஏற்பி’ என்று எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். இப்போது அதில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் இலக்கணம் மட்டும் இல்லை, இந்தப் புரதங்களால் வரும் நோய்களும்தான்.

முதலில் ‘ஏற்பி’. இதன் மூலம் ரிசெப்டார். ‘பெற்றுக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். 1900-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் இதை உயிரியலுக்குள் கொண்டுவந்தார். 1905-இல் இங்கிலாந்தின் ஜான் லாங்லி, நிக்கோட்டினையும் குராரே நஞ்சையும் தசையில் சோதித்துப் பார்த்து, செல்லில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஏற்பி என்பது வெறும் ஊகமாகத்தான் இருந்தது. 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இருவகை ஏற்பிகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். இன்று மருந்துச் சீட்டில் எழுதப்படும் ‘பீட்டா பிளாக்கர்’ என்ற பெயருக்குள் இருப்பது அந்த பீட்டாதான்.

தமிழில் ‘வாங்கி’ என்று எழுதுபவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் ‘ஏற்பி’ மேலான சொல். கடத்துவது கடத்தி, விசிறுவது விசிறி என்பதுபோல ஏற்பது ஏற்பி. ஏற்றல் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையேந்தி வாங்குவது ஒன்று. ‘பொறுப்பு ஏற்றார்’ என்கிறோமே, அது இன்னொன்று. வாங்கியவர் வாங்கியதோடு நின்றுவிடலாம். பொறுப்பு ஏற்றவர் வேலையைச் செய்தாக வேண்டும். செல்லின் மேலுறையை ஏழு முறை குறுக்காகக் கடந்து, பாம்புபோல வளைந்து கிடக்கும் இந்தப் புரதம் செய்வதும் அதுதான். வெளியே ஹார்மோன் வந்து தொட்டால் உடனே தன் வடிவத்தை மாற்றி உள்ளே வேலையைத் தொடங்கிவைக்கிறது. ஹார்மோன் உள்ளே போவதே இல்லை.

மனித மரபணுத் தொகுப்பில் இந்த வகை ஏற்பிகளுக்கு ஏறத்தாழ 800 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி மணங்களை அறிவதற்கே. மீதியில் ஒன்று கெட்டாலும் அதற்கென்று ஒரு நோய் வரலாம். விழித்திரையில் ஒளியை ஏற்கும் ரோடாப்சினை எடுத்துக்கொள்வோம். அதன் 23-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் புரதம் சரியாக மடியாது. முதலில் இரவுப் பார்வை மங்கும், அப்புறம் பார்வைப் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். 1990-இல் கண்டறியப்பட்டது இது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஒருவர் உலகத்தைப் பார்க்கும் விதமே குறுகிப்போகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சிறுநீரகத்தில் வாசோப்ரெசின் ஹார்மோனுக்கு ஓர் ஏற்பி உண்டு. ‘நீரைப் பிடித்துவை’ என்ற செய்தியை ஏற்பது அது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது கெட்டால் வரும் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. ரத்தத்தில் ஹார்மோன் தாராளமாக இருந்தும் அதைக் கேட்க ஆள் இல்லை. சிறுநீர் வடிந்துகொண்டே இருக்கும், தாகம் தீராது. சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ‘இழிதல்’ என்றால் கீழே வடிதல். அப்படிப் பார்த்தால் ‘நீரிழிவு’ என்ற சொல் சர்க்கரை நோயைவிட இந்த நோய்க்குத்தான் அப்படியே பொருந்துகிறது.

கேளாமல் போவது ஒரு வகை என்றால், யாரும் சொல்லாததைக் கேட்டதுபோல நடப்பது இன்னொரு வகை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கான ஏற்பியில் சில மரபணு மாற்றங்கள் வந்தால், ஹார்மோன் இல்லாமலேயே அது விடாமல் வேலை செய்யும். கிரேவ்ஸ் நோயில் ஏற்பியில் குறை எதுவும் இல்லை. உடலின் சொந்த எதிர்ப்பொருளே வந்து அதைப் பிடித்து, ஹார்மோன்போல நடித்துத் தூண்டிவிடுகிறது. சில வகை எச்ஐவி வைரஸ்கள் செல்லுக்குள் நுழைய சிசிஆர்5 என்ற ஏற்பியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த மரபணுவில் 32 எழுத்துகள் குறைந்த பிரதியைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்களை அந்த வைரஸ்கள் எளிதில் தொற்றுவதில்லை. 2007-இல் வந்த மராவிராக் மருந்து செய்வதும் அந்த வாசலை அடைப்பதுதான்.

சரி, ‘ஜி’ என்பது என்ன? குவானின் என்பதன் முதல் எழுத்து. ஏற்பி தூண்டப்படும்போது பக்கத்தில் இருக்கும் புரதம் தன்னிடமுள்ள குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள குவானோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அது ஜி-புரதம். இதைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் கில்மனுக்கும் மார்ட்டின் ராட்பெல்லுக்கும் 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சொல்லின் கதை இன்னும் பழையது. 1844-இல் குவானினை முதலில் பிரித்தெடுத்தது குவானோவிலிருந்து, அதாவது கடற்பறவைகளின் எச்சத்திலிருந்து. குவானோ என்பது ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழிச் சொல், ஸ்பானியம் வழியாக உலகத்துக்கு வந்தது. உரத்துக்காகத் தோண்டிய பறவை எச்சத்தின் பெயர் நம் ஒவ்வொரு செல்லையும் பற்றிய பேச்சில் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அதை ‘ஜி’ என்றே விட்டுவிடலாம்; மொழிபெயர்க்கத் தேவையில்லை.

காலரா கிருமியின் நஞ்சு ஏற்பியைத் தொடுவதே இல்லை. நேராக உள்ளே போய், ஜி-புரதத்தின் ஆல்ஃபா துண்டில் 201-ஆவது இடத்தில் உள்ள ஆர்ஜினினை மாற்றிவிடுகிறது. அதன்பின் அந்தப் புரதத்தால் தன்னை அணைத்துக்கொள்ள முடியாது. குடல் செல்களில் உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகி, உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. வியப்பான விஷயம், மக்யூன்-ஆல்பிரைட் நோய்க்குறியில் மரபணுப் பிழை நேர்வதும் பெரும்பாலும் அதே 201-ஆவது ஆர்ஜினினில்தான். எலும்பு வளர்ச்சிக் குறை, தோலில் பழுப்புத் திட்டுகள், உரிய வயதுக்கு முன்பே பருவமடைதல் என்று அதன் அடையாளங்கள் காலராவோடு துளியும் ஒத்துப்போகாது. கெட்ட இடம் மட்டும் ஒன்றே.

இனி என் வழக்கு. மூலச் சொல்லில் நடுவில் இருப்பது ‘கப்புள்டு’. அதைச் சிலர் ‘பிணைந்த’ என்கிறார்கள். வேதியியலில் பிணைப்பு என்றால் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உறவு. இங்கே அப்படி எதுவும் இல்லை. ‘இணைந்த’ பரவாயில்லை, ஆனால் அது இறந்தகாலப் பெயரெச்சம். ஏற்கெனவே இணைந்துவிட்டது, இனி அப்படியேதான் இருக்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் தூண்டப்பட்ட ஏற்பி ஜி-புரதத்தோடு இணைகிறது, கணத்தில் பிரிகிறது, பிறகு வேறொரு ஜி-புரதத்தோடு இணைகிறது. அதனால் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சமே சரி: ‘ஜி-புரதம் இணையும் ஏற்பி’. சுருக்கி ‘இணையேற்பி’ என்று எழுதலாமே என்று கேட்கலாம். அப்படி எழுதினால் எச்ஐவி பற்றிய எழுத்தில், அந்த வைரஸ் முதலில் பற்றும் சிடி4 என்ற புரதத்துக்குத் துணைநிற்கும் ஏற்பி என்ற வேறு பொருளோடு குழம்பும்.

இந்த ஒரு பெயரெச்ச மாற்றம் அவ்வளவு முக்கியமா? கக்குவான் இருமலைப் பாருங்கள். அதன் நஞ்சு ஜி-புரதத்தின் ஒரு வகையை ஏற்பியோடு இணைய விடாமல் செய்துவிடுகிறது. ஏற்பி நன்றாக இருக்கிறது, புரதமும் அங்கேயே இருக்கிறது, இணைதல் மட்டும் நடப்பதில்லை. நாட்பட்ட இதயச் செயலிழப்பிலும் இதன் சாயல் உண்டு. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஓயாமல் தூண்டுவதால் இதயத்தின் பீட்டா ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. மிஞ்சியவையும் ஜி-புரதத்தோடு சரியாக இணைவதில்லை. பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் கொடுப்பது ஒரு காலத்தில் ஆபத்து என்று கருதப்பட்டது. இன்று அதுவே அந்த நோயில் ஆயுளை நீட்டும் மருந்துகளில் ஒன்று. ‘இணைந்த’ என்று படித்த மாணவருக்கு இந்த நோய்கள் புதிராகத் தெரியும். ‘இணையும்’ என்று படித்தவர் ‘இணையாமல் போனால் என்ன ஆகும்?’ என்று தானே கேட்பார்.

கடைசியாக ஒரு துணைச் சொல். ஏற்பியை வந்து தொடும் பொருளான லிகண்டுக்கு வேதியியல் பாடங்களில் ‘ஈனி’ என்று பெயர். ஈனுவது ஈனி, ஏற்பது ஏற்பி என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஈனி எதுவென்று இன்னும் தெரியாத ஏற்பிகள் ஏறத்தாழ 100 இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை ‘அநாதை’ என்கிறார்கள். தமிழில் ‘ஈனி அறியா ஏற்பி’ என்று எழுதுவேன்.