ஆறாம் வகுப்பில் சேரும் பள்ளியும் கல்லூரிக் கட்டணமும்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் பெற்றோர் குறைவு. வீட்டுக்குப் பக்கமா, பஸ் வசதி உண்டா, அக்காவும் அண்ணனும் அங்கேதானே படித்தார்கள் என்று பார்த்துத்தான் பள்ளியை முடிவு செய்கிறோம். ஆனால் இன்று தமிழ்நாட்டில் இருக்கும் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்த வகைப் பள்ளியில் படித்தார் என்பதை வைத்தே, பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போகும்போது கட்டணத்தை அரசு கட்டுமா, வீடு கட்டுமா என்பது பல பிள்ளைகளுக்கு முடிவாகிறது.

நம் மாவட்டத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் பள்ளி தொடங்கிய காலம் முதல் இங்கே கல்வியைப் பெருமளவு கொண்டுவந்தவை கிறிஸ்தவ சபைகளும் சமுதாய அமைப்புகளும்தான். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே குமரி முதலிடம் பிடித்ததில் அந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் நிறைய பள்ளிகள் இப்போது அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியருக்கு அரசுச் சம்பளம், பிள்ளைக்கு இலவசப் புத்தகம், சத்துணவு. அதனால் இதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

முதலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பார்ப்போம். நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். காரணத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீத ஒதுக்கீட்டை அது பரிந்துரைத்தது. அரசு அதை 7.5 ஆக்கி 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29 அன்று அரசாணையே போட்டார்கள். மறுநாள் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டே இன்னொரு சிக்கல் தெரிந்தது. தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் சிலர் அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடம் கொடுத்தால் மட்டும் போதாது, பணமும் கூடவே வர வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

2021 ஆகஸ்டில் இரண்டாவது சட்டம். நீதிபதி முருகேசன் ஆணையத்தின் அறிக்கையை வைத்துப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பர் 20 அன்று முதலமைச்சர் அறிவித்தார். நாகர்கோவில் கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்கு மட்டுமல்ல, கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியை எடுத்தாலும் இது பொருந்தும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிபந்தனை இதுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் சில வருடம் கேரளப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே திரும்பிய பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடைக்காது. அவர்கள் பொதுக் கலந்தாய்வுக்கே இருப்பிடச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உதவி பெறும் பள்ளிகள் வெளியேதான் நின்றன. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எவ்வளவு ஏழையோ, கடற்கரை ஊரில் தேவாலயம் நடத்தும் பங்குப் பள்ளிக்குப் போகும், வள்ளத்தில் மீன்பிடிக்கும் தொழிலாளியின் பிள்ளையும் அவ்வளவு ஏழைதான். நடந்து போகும் தூரத்தில் அந்த ஒரு பள்ளிதான் இருக்கிறது என்றால் அது பிள்ளையின் குற்றமா? குமரியின் நிலைமையைத் தெரிந்தவர்கள் இதைச் சட்டமன்றத்தில் விடாமல் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பேசினால் பயன் உண்டு என்பதற்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களே சாட்சி. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காக 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் வந்தபோது, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் புதுமைப் பெண் விரிவானது. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி, தொலைதூரக் கல்வி மட்டும் ஆகாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும்; பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும், ஆதாரை அதில் இணைத்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது இல்லை. ஆறாம் வகுப்பில் மீடியத்தை மாற்றும் முன் இதையும் யோசியுங்கள்.

அப்புறம் முதல் பட்டதாரிச் சலுகை. 2010 முதல் இருக்கிறது. வருமான வரம்பு கிடையாது, எந்தப் பள்ளியில் படித்தார் என்ற கேள்வியும் கிடையாது. தொழிற்கல்விக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. படித்தவர் அதிகமுள்ள நம் ஊரில் இந்த இடத்தில்தான் பலருக்குத் தட்டிப்போகிறது. அப்பா தபால்வழியில் வாங்கிய பி.ஏ.வும் பட்டம்தான்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கும் மாநில அரசு இதைத் தருகிறது. இங்கே இது தெரியாமலேயே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கலை, அறிவியல் படிக்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதியின் பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கின்றன. கட்டணம் இரண்டுக்கும் ஒன்றல்ல. கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இடைத்தரகர்களிடம் கவனமாக இருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே "இப்பவே சீட் போட்டுருங்க, அசல் சர்டிபிகேட்டைக் குடுங்க" என்பார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடத்தில், சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதச் சலுகையும் போச்சு, முதல் பட்டதாரிச் சலுகையும் போச்சு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எம்.எல்.ஏ.விடம் கடிதம் வாங்கினால் கட்டணம் குறையும் என்று நம்பி அலைய வேண்டாம். தொகுதி மேம்பாட்டு நிதியில் வகுப்பறை கட்டலாம். தனி ஒருவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட விதியில் இடமில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது சட்டத் திருத்தம். மாவட்டத்தின் ஆறு தொகுதிகளிலும், கட்சி எதுவானாலும், உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணச் சலுகை வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் எழுதிக் கொடுக்கலாம்.

சான்றிதழ்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே வாங்கி வையுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடம் எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று பார்த்து வர நாளாகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த விவரம் பள்ளியின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவு) பதிவில் சரியாக இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆதாரோடு ஒப்பிட்டு அப்போதே திருத்திவிடுங்கள். சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைக்கலாம். வேலை நடக்கவில்லை என்றால் திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.