சின்ன காரில் ஸ்பிரிங், சைலன்சர் மாற்றினால் சட்டம் என்ன சொல்கிறது?

ஹாட்ச்பேக் வாங்கிய கொஞ்ச நாளிலேயே நிறையப் பேருக்கு ஓர் ஆசை வரும். காரைக் கொஞ்சம் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி, பிக்கப்பையும் ஏற்றிப் பார்க்கலாமா என்று. விசாரித்தால், "ஆர்சி புக்கில் இல்லாததை மாற்றினால் பிரச்சினையே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அமைப்பில் செய்வதுதான் 'மாற்றம்' என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்ற முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள், மூன்று இடத்தில் கை வைத்திருந்தால் மூன்றாகவே எண்ணலாம்.

சரி, சஸ்பென்ஷனுக்கு வருவோம். தேய்ந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அதே உயரம், அதே பொருத்தம் உள்ள வேறு நல்ல பிராண்டு போடுவது பழுதுபார்ப்பு, அதற்குப் பயப்படத் தேவையில்லை. காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் காயிலோவரும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செட்) அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் விவரம் ஆர்சியில் இருக்காதுதான், ஆனால் உயரம் மாறியதும் மூல அமைப்பு மாறிவிட்டது என்று அதிகாரி சொன்னால் அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம்தான் நிற்கும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தாழ்ந்த ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கையே வைத்திருந்தால் சக்கரம் மேலேறி இறங்க இடம் குறைந்து, வேகத்தடையில் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும், அலைன்மென்ட் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஹெட்லைட்டின் கோணமும் மாறும். ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம்.

சைலன்சர் விஷயத்தில் குழப்பமே இல்லை. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் சத்தமும் புகையும் அளவைத் தாண்டும். அதற்கு 190(2) பிரிவு தனியாக இருக்கிறது: முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், போதாததற்கு ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குப் போகும். பிக்கப்புக்காக ஈசியூ ரீமேப் செய்வது, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குதிரைத்திறன் மாறுகிறது, புகையும் மாறலாம். டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் அதனால் கிடைக்கும் லாபமோ சொற்பம், அதற்காக இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பது என் கருத்து. அதே அளவுள்ள ஏர் ஃபில்டர், நல்ல பிரேக் பேடு, தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே நல்ல டயர், இவற்றில் செலவழித்தால் கார் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும், சட்டமும் குறுக்கே வராது.

சட்டமே திறந்துவைத்திருக்கும் வழிகளும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி கிட், மாற்றுத்திறனாளிகளுக்காகக் காரை மாற்றியமைப்பது போன்றவற்றை ஆர்டிஓ ஒப்புதலோடு செய்து ஆர்சியில் பதியலாம். எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் ஆர்டிஓவிடம் போகாமல் முடியாது.

அப்புறம் இன்சூரன்ஸ். எதை மாற்றினாலும் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு சர்வேயர் பார்த்துச் சொல்வார், அப்போது உங்கள் வண்டிக்கான க்ளெய்மே நிராகரிக்கப்படலாம். கழற்றிய ஒரிஜினல் பாகங்களையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னால் அவைதான் கை கொடுக்கும்.