நெல்லுச் சோறும் அரபிக் குதிரையும்

திருநெல்வேலி மேலப்பாளையத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளக் குதிரைல வந்து இறங்கினாரு, குதிரைய மண்டபத்துக்குப் பின்னால வேப்பமரத்துல கட்டிட்டு குதிரைக்காரரு கை கழுவப் போன நேரம் பாத்து ஒரு பொடியன் தட்டு நிறைய பிரியாணிய அது மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டான். அவரு ஓடி வந்த வேகத்தப் பாக்கணுமே. "எய்யா, சோத்தப் போட்டுராதல"ன்னு தட்டப் புடுங்கிட்டாரு. குதிரை மோந்து பாத்துட்டு ஒரு தும்மல் போட்டுச்சு, அவ்வளவுதான். ஆனா அவரு விடல, குனிஞ்சு முன்னங்கால் குளம்பு மேல உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. என்ன பாக்கியன்னு கேட்டேன். "சூடு இருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி. நேத்து ஒரு கல்யாணம், அங்கன யாரு என்னத்தக் குடுத்தாவளோ."

தின்னது வயித்துக்குத்தானே போகும், இவரு எதுக்கு காலத் தொடுதாருன்னு அப்ப எனக்குப் புரியல. வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தப்பதான் இந்த பிரியாணிக் கதை நம்ம ஊர்ல 700 வருஷம் பழசுன்னு தெரிஞ்சுது.

தாமிரபரணி கடல்ல சேருற பக்கம் காயல்னு பெரிய துறைமுகம் இருந்துச்சு, இப்ப பழையகாயல்னு சொல்ற இடம்தான் அதுன்னு நம்ம கால்டுவெல் ஐயர் எழுதியிருக்காரு. அரேபியா, பாரசீகத்துல இருந்து கப்பல் கப்பலா குதிரை வந்து இறங்குன ஊரு. 1290கள்ல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்றது, பாண்டிய ராஜாவும் அவரு கூடப்பிறந்த நாலு பேரும் ஆளுக்கு வருஷம் 2000 குதிரைக்கு மேல வாங்குவாங்களாம், வருஷக் கடைசில நூறு கூட மிஞ்சாதாம். கறியும் சோறும் வேகவச்சுப் போடுறாங்க, லாடம் அடிக்கத் தெரிஞ்ச ஆளே இல்ல, வியாபாரிங்களும் லாடக்காரன இந்தப் பக்கம் வரவிட மாட்டாங்க, குதிரை செத்தாத்தானே அடுத்த கப்பலுக்கு கிராக்கின்னு சொல்றாரு. பாரசீகத்துல சரித்திரம் எழுதுன வஸ்ஸாஃபும் கிட்டத்தட்ட இதையேதான் புலம்புறாரு, வறுத்த பார்லியும் வெண்ணெய் போட்ட தானியமும் குடுத்து, குடிக்கக் காய்ச்சின பசும்பாலாம்! ஒரு குதிரை 220 செம்பொன் தினார், நடுக்கடல்ல செத்தாலும் காச ராஜா குடுக்கணும். எண்ணிக்கைய ரெண்டு பேரும் கொஞ்சம் கூட்டியே சொல்லிருக்கலாம், ஆனா ரெண்டு பேரும் சொல்ற குறை ஒண்ணுதான். மாணிக்கவாசகர் கதைல ராத்திரியோட ராத்திரியா குதிரையெல்லாம் நரியாப் போச்சுல்லா, கஜானாக் கணக்கு எழுதுனவருக்கு ரெண்டும் ஒரே நஷ்டம்தான்.

சரி, சோறு குதிரைய என்ன பண்ணும்?

மாட்டையும் குதிரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் புல்லு தின்னும், ஆனா புல்லுல இருக்குற நாரச் செரிக்குறது ரெண்டுமே இல்ல, வயித்துக்குள்ள குடியிருக்குற கோடிக்கணக்கான கிருமிங்கதான். மாட்டுக்கு அந்தக் கிருமித் தொட்டி முன்னாடியே இருக்கு, 100 லிட்டருக்கு மேல கொள்ளும், அப்புறம் எடுத்து எடுத்து அசைபோட்டு வைக்கோல்ல இருந்து கூட சத்தப் பிழிஞ்சிரும். குதிரைக்கு இரைப்பை ரொம்பச் சின்னது, 8ல இருந்து 15 லிட்டர்தான், அசைபோடவும் வராது, வாந்தியும் வராது, உள்ள போனது போனதுதான். கிருமித் தொட்டி கடைசில, பெருங்குடல் பக்கம் இருக்கு. அதனாலதான் ஒருநாளைக்கு 14, 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுக்கிட்டே இருக்குற மாதிரி அதோட உடம்பு அமைஞ்சிருக்கு.

இதுக்கு ஒரேடியா தானியத்தக் கொட்டினா சிறுகுடலால கொஞ்சம் மாவுச்சத்ததான் சமாளிக்க முடியும், மிச்சம் அப்படியே பின்னாடி தொட்டிக்குப் போயிரும். அங்க நடக்குறது நம்ம வீட்டுல தினமும் நடக்குறதுதாங்க. சித்திரை மாச வெயில்ல இட்லி மாவ வெளிய வச்சுட்டுத் தூங்கிட்டா காலைல பொங்கி வழிஞ்சு புளிச்சுக் கிடக்குமே, அதே லாக்டிக் அமிலம், அதே கேஸ். பாத்திரம்னா கழுவி கவுத்திரலாம், இது குதிரை வயிறு. நாரச் செரிக்குற நல்ல கிருமிங்க அந்தப் புளிப்புல சாகும், குடல் சுவர் புண்ணாகும், செத்த கிருமியோட விஷம் ரத்தத்துல கலக்கும். வேகவச்ச சோறுன்னா இன்னொரு வில்லங்கம், சட்டுன்னு சர்க்கரையா மாறி ரத்தத்துல இன்சுலின ஏத்திவிட்டுரும்.

இந்த ரெண்டு கோளாறும் கடைசில போய் முட்டுற இடம் குளம்பு. குதிரை நிக்குறது ஒவ்வொரு கால்லயும் ஒத்த விரல் நுனில, குளம்புங்குறது அந்த விரலோட நகம். நாலு நகத்துல 400, 500 கிலோ. குளம்புக்குள்ள இருக்குற எலும்பு தரைல உக்காந்திருக்கல, உள்சுவர்ல தொங்குது. காளானத் திருப்பிப் பாத்தா அடியில மடிப்பு மடிப்பா இருக்கும்லா, அதுமாதிரி ஏறக்குறைய 600 மடிப்பு சுவர்ல, அதுக்கு ஜோடியா எலும்புப் பக்கமும் மடிப்பு, ரெண்டு கை விரலையும் கோத்துக்கிட்ட மாதிரி கவ்விக்கிட்டு நிக்கும். ரத்தம் கெட்டா இந்தப் பிடி வீங்கி, சூடாகி, நெகிழ ஆரம்பிச்சிரும். முத்திப் போச்சுன்னா எலும்பே சுவர விட்டுப் பிரிஞ்சு கீழ இறங்கிரும், அப்புறம் அந்தக் குதிரை நிக்கவே முடியாம படுத்துரும். குதிரைக்காரரு உள்ளங்கை தேடுனது அந்தச் சூட்டத்தான்.

பாவம், பாண்டியன் குதிரைய கொடுமப்படுத்தணும்னு கறிச்சோறு போடல, தனக்கு எது ஒசத்தியோ அத குடுத்திருக்காரு. ஊரு பேரே நெல்லுக்கு வேலின்னு இருக்கு, இங்க கைக்கு கெடைக்குறது எல்லாம் நெல்லோட சொந்தந்தான், சோறு, தவிடு, வைக்கோல். வைக்கோல்ல சத்து கம்மி, குதிரை குடல்ல அடைச்சுக்கவும் செய்யும். தவிடு இன்னும் நைசான எதிரி, அதுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் ரொம்பக் கம்மி, தொடர்ந்து போட்டா உடம்பு தன்னோட எலும்புல இருந்தே கால்சியத்த உருவிக்கும். இங்க பொறக்குற குட்டியெல்லாம் கால் வளைஞ்சு பொறக்குதுன்னு மார்க்கோ போலோ சொன்னதுக்கு இது ஒரு காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. செத்ததெல்லாம் தீனியாலன்னு நான் சொல்லல, இந்தப் புழுக்கம் இருக்கு, ரத்தம் குடிக்குற ஈ பரப்புற சர்ரா நோய் இருக்கு, 1880ல பஞ்சாப் பக்கம் குதிரை, ஒட்டக ரத்தத்துலதான் அந்தக் கிருமியக் கண்டுபிடிச்சாங்க.

கொள்ளு மட்டும் எப்படி குதிரைக்கு ஒத்துக்குதுன்னு அன்னைக்கு கல்யாணத்துலயே குதிரைக்காரருகிட்ட கேட்டிருந்தேன். அரிசிய விட மாவு கம்மி, புரதமும் நாரும் ஜாஸ்திங்குறது நான் படிச்சது. அவரு சொன்னது வேற. "அது பாயாசம் அண்ணாச்சி. ஊறவச்சு ரெண்டு கை போடுவேன். சாப்பாடுன்னா புல்லுதான்." சாக்குல இருந்து அருகம்புல் கட்ட எடுத்து உதறிப் போட்டுட்டு, அந்தப் பொடியன கூப்பிட்டு காவலுக்கு வச்சுட்டு, அவரு பந்திக்குப் போனாரு. பய ஒவ்வொரு புல்லா உருவி நீட்டிக்கிட்டு இருந்தான், குதிரையும் ஒவ்வொண்ணா வாங்கித் தின்னுச்சு, அவன் பிரியாணி தட்டு திண்ணைல ஆறிக் கிடந்துச்சு.