மாரியில் நல்ல தண்ணீர், கோடையில் டீசல் மணம்

திருகோணமலை சீனக்குடாப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய கராஜ் இருந்த காணி ஒன்று மலிவாக வருகிறது. தை மாதம் பார்த்தபோது கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆவணியில் அதே கிணற்றில் வாளி போட்டால் டீசல் மணக்கிறது. யாராவது ஊற்றிவிட்டார்களா? காணி ராசியில்லை என்றும் ஊரில் கதை. வாங்கலாமா அண்ணா?"

யாரும் ஊற்றியிருக்கத் தேவையில்லை. தையில் ஒளிந்திருந்த எண்ணெய்தான் ஆவணியில் வெளியே வருகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: டீசல் தண்ணீரைவிட இலேசு. வெறுந்தரையில் வருடக்கணக்காகச் சிந்திய எண்ணெய் மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு வந்ததும் அதன்மேல் தங்கிவிடும். அந்த நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இறங்கும். சரி, இதுவரை எல்லோருக்கும் தெரியும். இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மணலை உருப்பெருக்கியில் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குறுணிகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக, அதைவிட ஒடுக்கமான வாசல்கள். மணற்குறுணிக்குத் தண்ணீரில்தான் பிடிப்பு. எண்ணெய் புகுந்த பிறகும் குறுணியின் உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும். எண்ணெய்க்கு அறையின் நடுவிடம்தான் கிடைக்கும். மாரியில் நீர்மட்டம் கீழிருந்து ஏறும்போது அந்தப் படலம் தடிக்கிறது. ஒடுங்கிய வாசலில் நாலு பக்கப் படலமும் முட்டி ஒன்றாகிவிட, வாசலூடாக நீண்டு கிடந்த எண்ணெய் இழை அங்கே அறுகிறது. நூல் அறுந்த மாலைபோல, அறைக்கு ஒரு முத்தாக எண்ணெய் தனித்துப்போகும். வாசலைக் கடக்க வேண்டுமென்றால் முத்து தன்னை ஒடுக்க வேண்டும். மேற்பரப்பு இழுவிசை விடாது. மெதுவாக ஊரும் நிலத்தடி நீருக்கு அதைத் தள்ளும் பலமும் இல்லை. எனவே முத்துகள் நீருக்கு அடியிலேயே சிறைப்பட்டுக் கிடக்கும், கிணற்றில் இருப்பது நல்ல தண்ணீர் மாதிரித் தெரியும்.

கோடையில் மட்டம் இறங்க, அறைக்குள் காற்று வருகிறது. இப்போது உள்ளே மூன்று பேர்: குறுணியை ஒட்டித் தண்ணீர், நடுவில் காற்று, இரண்டுக்கும் இடையில் எண்ணெய். மழை நாளில் பெற்றோல் ஷெட் வாசலில் தேங்கிய நீரில் ஒரு சொட்டு டீசல் எவ்வளவு அகலத்துக்கு வானவில் நிறத்தில் பரவுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே பரவல்தான் மண்ணுக்குள்ளும் நடக்கிறது. முத்து படலமாக விரிந்து, அடுத்த முத்தோடு சேர்ந்து, கீழே வடிந்து, இறங்கிய நீர்மட்டத்தின்மேல் மறுபடி கூடுகிறது. கிணறு என்பது ஒடுங்கிய வாசலே இல்லாத பெரிய ஓட்டை. எண்ணெய் அதற்குள் தாராளமாக வந்து சேரும். மண்ணில் உள்ள எண்ணெய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுந்த இழை திரும்பச் சேர்ந்தது, அவ்வளவுதான். வருடாவருடம் இப்படி ஏறி இறங்கி, மெல்லிய அடுக்காக இருந்த எண்ணெய் நீர்மட்டம் ஆடும் உயரம் முழுக்கப் பூசப்பட்ட பட்டையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கிணற்றில் தெரியும் வானவில் எல்லாம் எண்ணெய் அல்ல. இரும்புச் சத்தில் வாழும் பக்ரீரியாவும் அப்படிப் படலம் கட்டும். ஒரு தடியால் கலக்குங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் பக்ரீரியா. சுழன்று திரும்ப ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

ஆகவே மார்கழியிலோ தையிலோ மட்டும் எடுத்த பரிசோதனை அறிக்கையை நான் நம்பமாட்டேன், எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும். மூக்கையும் முழுக்க நம்ப முடியாது. எரிபொருளில் கலந்திருக்கும் நச்சுப் பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்குப் பிடிபட அதைப்போல் பல நூறு மடங்கு வேண்டும்.

நிலத்தடித் தண்ணீர் எண்ணெய் சிந்திய இடத்திலிருந்து கிணற்றுப் பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள், மேசனின் நீர்மட்டக் குழாய், அளவுநாடா போதும். மூன்றிலும் நீரின் உயரத்தை ஒரே நாளில், பம்ப் ஓடாத நேரத்தில் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். கிணறு ஈசான மூலையில்தான் வரவேண்டும் என்று வாஸ்துகாரர் சொல்வார். கராஜின் எண்ணெய்க் குழி எங்கே இருந்தது என்று அவருடைய சாஸ்திரத்துக்குத் தெரியாது. காசு கொடுத்துக் கேட்பதானால், அங்கே முன்பு வேலை செய்த மெக்கானிக்கைக் கேளுங்கள்: கழிவு எண்ணெய் பீப்பா எங்கே இருந்தது, பழைய பற்றரிகளை எங்கே உடைத்தார்கள்? பற்றரி ஈயம் எண்ணெய் மாதிரி ஆழத்துக்குப் போகாது. மேல்மண்ணிலேயே, பிள்ளைகளின் கை படும் இடத்தில் இருக்கும்.

இந்த ஒரு காணிக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல இது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கடற்படைக்காகக் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 மிச்சம். இன்னொன்று 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் மோதி எரிந்தது. மிச்சமிருப்பவற்றில் 61ஐக் கூட்டு நிறுவனம் ஒன்று அபிவிருத்தி செய்ய 2022இல் ஒப்பந்தம் ஆனது. தாங்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; அடியில் இருக்கும் மண்ணில் துளையிட்டுப் பார்ப்பதைப் பற்றி யார் பேசுகிறார்? அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, உள்ளூராட்சி மன்றங்களுக்கு மண்ணைப் பரிசோதிப்பதற்கென்றே தனியாக மானியம் கொடுக்கிறார்கள். காரணம் எளிது: அழுக்கைவிடச் சந்தேகம்தான் காணியை முடக்கிப் போடுகிறது. வங்கி கடன் தராது, வாங்குபவர் வரமாட்டார், விற்பவரிடம் பரிசோதிக்கப் பணம் இருக்காது. எங்கள் பக்கம் கட்டடத்துக்கு நாடா வெட்ட ஆள் இருக்கிறது, ஆய்வுத் துளைக்கு இல்லை.

"கிரவல் நாலு லோட் கொட்டினால் போதுமா?" என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். ஈயத்துக்கு ஓரளவு உதவும். எண்ணெய்க்கு இல்லை, ஆவி கிரவலுக்குள்ளால் மேலே வரும், தண்ணீர் கீழால் போகும். கோடைக் கடைசியில் மட்டம் அடியில் இருக்கும்போது, பூசிய பட்டை மண்ணைத் தோண்டிக் குவித்து, உரமும் ஈரமும் சேர்த்துப் புரட்டிக்கொண்டிருந்தால் பக்ரீரியாவே டீசலைத் தின்றுவிடும். திருகோணமலை வெயிலில் அது வேகமாகவே நடக்கும். களஞ்சியம் கட்டுவதென்றால் இவ்வளவு தேவைப்படாது. வீடு, அதிலும் கிணற்றை நம்பிய வீடு என்றால் தேவை.

அட்வான்ஸ் கொடுக்காமல் ஆவணிவரை பொறுங்கள். அப்புறம் மாதிரி எடுங்கள்: பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், கண்ணாடிப் போத்தல், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.